படகுக்கு இரண்டு வாய்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் ஊர்க் கிணற்றில் வாளியை இறக்கினால் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம் வரும். அதில் எவன் நீந்துவது? இருந்தும் பெரியாற்று ஏரியில் மோட்டார் படகு ஓட்டிப் பிழைத்தேன். வேலைக்கு எடுக்கும்போது வெள்ளைக்காரத் தோட்டத் துரை, "எஞ்சின் தெரியுமா?" என்றுதான் கேட்டார். அரிசி ஆலையில் ஆயில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவன், பஸ்ஸில் கிளீனராக இருந்தவன், தெரியும் என்றேன். நீச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன அதிகப்பிரசங்கியா?

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. தினமும் காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நின்று ஏரிப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. படகைவிட என்னையே ஓட்டை என்று நினைக்கிறாளோ என்று தோன்றும்.

துரைக்கு ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டம். குமுளியில் ஏலக்காய் மூட்டைகளை வைக்க ஒரு கிட்டங்கி. ஏரியில் இந்தப் படகு. கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். மலைக்குளிர், அட்டை, மழை எல்லாம் உண்டு என்றாலும் எனக்கு அங்கே ராஜவாழ்க்கைதான். ஏனென்றால் மலைக்குக் கீழே கம்பத்தில் என் மாமனார் இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு எண்ணெய்ச் செக்கு இருந்தது. செக்கைச் சுற்ற ஒரு மாடு இருந்தது. மாட்டுக்குப் பின்னால் நடக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாக நான் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன். ஒரு நாள் அவர் என்னையும் மாட்டையும் ஒரே வசவால் திட்டினார். மாடு பேசாமல் நடந்தது. நான் அதைப் போல இருக்க முடியாமல், "இனி இந்த வாசற்படியை மிதித்தால் என்னை ஏன் என்று கேளுங்கள்" என்று கத்திவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

அவர் விடவில்லை. மலைக்கு வரும் வண்டிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவார்: "மாப்பிள்ளைக்கு வேல போச்சுன்னா கூச்சப்படாம வரச் சொல்லுங்க. மாடு காத்துக்கிட்டு இருக்கு." அந்த மாடு காத்துக்கொண்டிருக்கும் நினைப்பே எனக்குச் சோறு இறங்கவிடாது. ஆகவே படகு வேலையை நான் உயிரைப் போலக் காப்பாற்றி வந்தேன்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் எஞ்சின் வெளியே விடும் புகைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேலே நிமிர்ந்து நிற்கும் குழாய். அதன் வழியே விட்டால் தடதடவென்று மலை முழுக்கக் கேட்கும். இன்னொன்று பின்பக்கம் தண்ணீருக்கு அடியில் திறக்கும் குழாய். அந்தக் குழாய்க்கு முன்னால் பலகைக்குக் கீழே ஒரு இரும்பு டிரம். சத்தத்தையெல்லாம் டிரம் விழுங்கிக்கொள்ளும். மிச்சம் தண்ணீருக்குள் குமிழியாகப் போய்விடும். என் இடக்கைப் பக்கம் ஒரு லீவர். மேலே தள்ளினால் மேல்வாய், கீழே இழுத்தால் கீழ்வாய். துரை அதைக் கட்-அவுட் என்பார். நாங்கள் மேல்வாய், கீழ்வாய் என்றே சொல்லிக்கொண்டோம்.

கீழ்வாய் வேலை செய்வது வேட்டைக்கோ வேடிக்கைக்கோ விருந்தாளிகள் வரும்போது மட்டும்தான். கரையில் தண்ணீர் குடிக்க வரும் யானையைக் கலைக்காமல் பக்கத்தில் போய்ப் பார்க்க அது வேண்டும். மற்ற நாட்களில் மேல்வாய்தான். படகு சத்தம் போடாமல் போனால் அது போவதாகவே துரைக்குத் தோன்றாது. எனக்கும் அப்படித்தான். அந்தச் சத்தத்தில் நான் தொண்டை கிழிய மாமனாரைத் திட்டினால்கூட யாருக்கும் கேட்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் படகைக் கரையில் இழுத்துப் போட்டுக் கழுவி, எண்ணெய் பூசி, வாழைக்கன்று கட்டி, முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கிட்டங்கிப் பக்கத்து மாரியம்மன் கோயில் பூசாரி பூசைக்கு வந்திருந்தார். அவர்தான் ஒரு பெரிய கேள்வியைக் கிளப்பினார். பஸ்ஸுக்கும் காருக்கும் பூசை போட்டால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்ப வேண்டும். படகுக்குச் சக்கரம் இல்லையே, பழத்தை எங்கே வைப்பது?

கிட்டங்கியில் கணக்கு எழுதும் ரைட்டரும் அங்கே இருந்தார். பாலக்காட்டுக்காரர், கல்பாத்தித் தெருவில் பிறந்தவர், பெருத்த உடம்பு, எப்போதும் கையில் குடை. எந்த விஷயத்திலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. "முன்னாடி கெட்டித் தொங்க விட்டாப் போறும் ஓய்" என்றார். பூசாரிக்கு அது பிடிக்கவில்லை. "தொங்குனாப் பத்தாது சாமி. ஒடையணும், இல்ல தெறிச்சுப் போகணும். அப்பத்தான் திருஷ்டி போகும்" என்று மேல்குழாயைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "பொக போற வாயில வைப்போம். வண்டி கிளம்புன ஒடனே தெறிச்சுரும்."

எனக்கு இது நல்ல யோசனையாகவே பட்டது. பூசைக்கு நான் வேட்டி மாற்ற வேண்டியிருந்ததால், பூசைத் தட்டோடு வந்திருந்த மனைவியை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் மேல்குழாயின் வாயில் பழம் கும்மென்று உட்கார்ந்திருந்தது. அந்த மலைப் பக்கத்து எலுமிச்சை கோழிமுட்டையைவிடப் பெரிது. சூடம் காட்டியதும் படகைத் தண்ணீரில் தள்ளி எஞ்சினை முடுக்கினேன். வெடி வைத்த மாதிரிப் பழம் மேலே பறந்து, திரும்பி இறங்கி, ரைட்டரின் முன்மண்டையில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். அவர் தட்டவில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விருந்தாளி ஒருவரும் மலையேறவில்லை. படகு மேல்வாயிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் துரை ஒரு செய்தியோடு வந்தார். அவரிடம் ஏலக்காய் வாங்கும் கம்பெனியின் பெரிய துரை தன் துரைசானியோடு வருகிறார். அந்த அம்மாளுக்கு யானையைப் பார்க்க வேண்டும். கீழ்வாயைச் சோதித்துப் பார்க்கலாம் என்று படகில் ஏறி உட்கார்ந்தார். ஏரி நடுவில் போனதும் லீவரைக் கீழே இழுத்தேன். எஞ்சின் ஒரு முறை இருமியது, தொண்டையைப் பிடித்து நெரித்த மாதிரி கர்ரென்றது, நின்றுவிட்டது. லீவரை மேலே தள்ளி முடுக்கினேன், தடதடவென்று ஓடியது. கீழே இழுத்தேன், செத்தது. மறுபடி, மறுபடி. துரையின் முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்தது.

கரைக்கு வந்ததும் அவர் தன் தமிழில் பேசினார். "டிரைவர், சண்டே பெரிய துரை வரும். யானை பார்க்கும். போட் சத்தம் கூடாது. சத்தம் வந்தால் கொச்சி டிரைவர் வரும். நீ கம்பம் போ."

கம்பம் போ என்றாரே! செக்கு சுற்றும் சத்தம் காதிலேயே கேட்டது. கொச்சியிலிருந்து எவனோ ஒருவன் வந்து என் படகில் ஏறுவான், நான் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அன்று முதல் நான் கரையில் படகோடு படகாகக் கிடந்தேன்.

முதலில் சந்தேகப்பட்டது லீவரை. அது ஒரு கம்பியை இழுக்கும், கம்பி உள்ளே ஒரு தகட்டைத் திருப்பும், தகடு ஒரு வழியை அடைத்து இன்னொன்றைத் திறக்கும். தகடு பாதியில் நின்றுவிட்டால் இரண்டு வழியும் அடைபடும் அல்லவா? மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தகடு ஒழுங்காகத்தான் திரும்பியது. கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மாட்டினேன். கீழ்வாயில் விட்டதும் பழையபடி செத்தது. படகை ஓர் உதை விட்டேன். வலித்தது என் காலுக்குத்தான்.

ரைட்டர் குடையோடு வந்து நின்றார். "டிரைவரே, நான் ஆலோசிச்சேன். பின்பக்கம் பாரம் ஜாஸ்தியாக்கும். படகோட பின்னம்பாகம் தாழ்ந்து, வெள்ளம் குழாய்க்குள்ள கேறி, எஞ்சினுக்கு மூச்சு முட்டறது. அதாக்கும் காரியம்." கேட்பதற்கு நியாயமாக இருந்தது. பாரத்தை முன்னால் கொண்டுபோக மணல் மூட்டை தேடினேன். "மூட்டை எதுக்கு, நான் இல்லையா?" என்று அவரே முகப்பில் ஏறி உட்கார்ந்தார். படகின் மூக்கு தண்ணீரை மோந்து பார்க்கிற அளவுக்குத் தாழ்ந்தது. பின்பக்கம் நன்றாகத் தூக்கிக்கொண்டது. லீவரை இழுத்தேன். செத்தது. தன் கருத்து பொய்த்துப் போனதில் அவருக்கு என்னைவிட ரோஷம் வந்துவிட்டது. "விடமாட்டேன், கேட்டேளா" என்றார், எஞ்சினைப் பார்த்து.

பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினேன். வேட்டி போனதுதான் மிச்சம். படகைக் கரையில் இழுத்து, பின்னாலிருந்து கீழ்வாய்க்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டேன். தடையில்லாமல் உள்ளே போய் டிரம்மின் மறுபக்கத்தில் டங்கென்று முட்டியது. குழாய் சுத்தம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மண்டியிட்டு, குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று தாராளமாகப் போனது. கரி மூஞ்சியெல்லாம் அப்பியது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி சோற்றுத் தூக்கோடு வந்தாள்.

"ஏங்க, இது என்ன கோலம்? படகோட பின்னாடி வாய வச்சு ஊதுறீக? பாக்கிறவக என்ன நெனைப்பாக?"

"நெனைக்கிறவன் நெனைச்சுட்டுப் போறான். ஞாயித்துக்கெழமைக்குள்ள இது வாயத் திறக்கலைன்னா நாம கம்பம்தான். ஒங்கப்பன் மாடு காத்துக்கிட்டு இருக்கு."

"போனா என்ன? செக்கு தரையிலதான இருக்கு" என்றாள் அவள். சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் எதற்காகக் கரியைத் தின்றுகொண்டிருக்கிறேன்? இவளுக்குப் பிறந்த வீட்டுக்குப் போவதில் இவ்வளவு ஆசையா? சோற்றைத் தொடாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு வாசம் விடவில்லை. தின்றேன், கோபத்தோடு.

பூசாரியிடமும் போனேன். எஞ்சின் விஷயத்தில் பூசாரியிடம் போகும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவர் படகைச் சுற்றி வந்தார். திருநீறு போட்டார். "ஒன் படகுக்கு நான் ஒரு கொறையும் வைக்கலப்பா. ஆயுத பூசைக்கு எல்லாம் முறைப்படி செஞ்சிருக்கேன், ஒண்ணையும் விடல" என்றார். பிறகு கண்ணை மூடி, "உள்ள என்னமோ இருக்குது. நேரம் வந்தா அதுவா வெளிய போயிரும்" என்றார். எந்த வியாதிக்கும் அவர் சொல்லும் வாக்கு அதுதான் என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பின்னாலிருந்து ஊதினேன், சரி. எஞ்சின் ஊதுவது முன்னாலிருந்து அல்லவா? டிரம்முக்கு முன்னால் இருந்த இணைப்பைக் கழற்றி, குழாயில் வாய் வைத்து ஊதினேன். கன்னம்தான் உப்பியது. காற்று ஒரு துளியும் போகவில்லை. பின்னால் ஓடிப்போய் ஊதினேன். போனது. முன்னால் வந்து ஊதினேன். போகவில்லை. பின்னாலிருந்து விட்டால் வழி விடுகிறது, முன்னாலிருந்து விட்டால் கதவைச் சாத்துகிறது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ரைட்டர், "முன்னாலயும் பின்னாலயும் ஓடி ஓடி ஊதறேளே, பைத்தியம் கியித்தியம் பிடிச்சுடுத்தா?" என்றார்.

டிரம்முக்கு உள்ளே ஏதோ தகடு கழன்று கதவு போல ஆடுகிறது என்று எனக்குப் பட்டது. காற்று வந்தால் அது போய் வாசலை அடைத்துக்கொள்கிறது. குச்சியை விட்டால் விலகிக்கொள்கிறது. கண்டுபிடித்துவிட்டேன்! ஆனால் கண்டுபிடித்து என்ன பயன்? டிரம் முழுக்க ஆணியடித்து மூடியது, படகோடு சேர்த்து முடுக்கியது. அதைப் பிளக்கக் கம்பத்துப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். விடிந்தால் பெரிய துரை வருகிறார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது ரைட்டர் குடையை மடக்கிக்கொண்டு குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "டிரைவரே, துரைக்கு வேண்டியது சத்தம் இல்லாம இருக்கறதுதானே? எஞ்சினை நிறுத்திட்டா சத்தம் எங்கேர்ந்து வரும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிமேல் மூட்டமாக இருந்தது. அணையில் மூழ்கிச் செத்த மரங்களின் மொட்டைத் தண்டுகள் தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. முகப்பில் பெரிய துரையும் துரைசானியும், அவர்களுக்குப் பின்னால் எங்கள் துரை, நடுவில் நான். மொழிபெயர்க்க என்று வந்த ரைட்டர் பின்கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்தபடி, குடையை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு சின்னத் துடுப்பு, மேலே அவருடைய அங்கவஸ்திரம் போர்த்திக் கிடந்தது.

மேல்வாயில் தடதடவென்று வளைவு வரை போனேன். வழக்கமாக அங்கேதான் கீழ்வாய்க்கு மாற்றுவது. எல்லோரும் பார்க்கும்படி லீவரைக் கீழே இழுத்தேன். அதே கையோடு எஞ்சினை நிறுத்தினேன். ஏரியில் ஒரு பறவைச் சத்தம் கேட்டது. படகு போன வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போனது. வேகம் குறையும்போது பின்னால் குடைக்கு மறைவில் ரைட்டர் துடுப்பைப் போட்டார். ஒரு கையால் குடை, ஒரு கையால் துடுப்பு, முகத்தில் இயற்கையை ரசிக்கிற பாவனை.

துரை திரும்பி என் தோளைத் தட்டினார். "வெரி குட், டிரைவர். சத்தமே இல்லை" என்று கிசுகிசுத்தார். "ஆமாங்க துரை" என்றேன். ஓடாத எஞ்சினுக்கு எப்படிச் சத்தம் வரும்?

யானைகளும் வந்து நின்றன. புல் மேட்டில் ஒரு கூட்டம், நடுவில் ஒரு குட்டி. துரைசானி வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, காற்று திரும்பும் வரை. காற்று எங்களை மெள்ளக் கரைப் பக்கம் தள்ளியது. ரைட்டர் துடுப்பை அழுத்தினார். அவருடைய குடையே பாய்மரப் பாயாக விரிந்து படகை இன்னும் கரைக்கு இழுத்தது. அந்த மனுஷனுக்குக் குடையை மடக்க வேண்டும் என்று தோன்றவில்லை. குட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெரிய பெண் யானை தலையைத் தூக்கியது. காதை விரித்தது. இரண்டு எட்டு வைத்துத் தண்ணீரில் இறங்கியது.

"டிரைவர், போ" என்றார் துரை. "போ, போ!"

தண்ணீரில் இறங்கிய யானை நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. என் கண் அதைப் பார்க்கவில்லை. படகுக்கும் அதற்கும் நடுவிலிருந்த தண்ணீரைத்தான் பார்த்தது. கறுத்த, ஆழம் தெரியாத தண்ணீர். அது முட்டினால் படகு கவிழும். மற்றவர்கள் எல்லோரும் எப்படியாவது நீந்துவார்கள். நான் கல்லாக அடியில் போவேன். என் மனைவி தினமும் வாசலில் நின்று பார்த்தது இந்த நாளைத்தான் என்று அப்போது பட்டது. பயம் என்றால் அதுதான் பயம். அதற்கு முன்பும் பின்பும் அப்படி நான் பயந்ததில்லை.

கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்தது. துரை பார்ப்பதற்காகக் கீழே இழுத்துவைத்த லீவரை மேலே தள்ள வேண்டும் என்பது அடியோடு மறந்துபோனது. பெட்ரோலை முழுசாகத் திறந்துவிட்டேன். எஞ்சின் கர்ரென்று நெரிந்தது. சாகப்போகிறது என்று தெரிந்தது. சாகவில்லை, படகின் அடிவயிறு உப்புவது போல அதிர்ந்தது. பலகைகள் நடுங்கின. அடுத்த கணம் பின்பக்கம் தண்ணீருக்குள் டமார் என்று ஒரு வெடி. தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பியது. அதற்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று சீறி வந்து ரைட்டரின் குடையைக் கிழித்துக்கொண்டு அவர் மடியில் விழுந்தது.

யானை வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு கூட்டமே காட்டுக்குள் ஓடியது. படகு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. பாய்ந்தது என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் பூனை உறங்குகிற மாதிரி ஓடியது. துரைசானி சிரிக்கிற சத்தம், என் பல் ஒன்றோடொன்று அடிக்கிற சத்தம், எல்லாம் தெளிவாகக் கேட்டன. கீழ்வாய் திறந்துவிட்டது.

ரைட்டர் மடியில் விழுந்ததைக் கையில் எடுத்து உருட்டினார். தோல் போல ஊறி, கரி பிடித்து, உருண்டையாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். அவர் கண் அகலமானது.

"டிரைவரே, இது எலுமிச்சங்காயாக்கும்! நன்னா ஊறியிருக்கு. உப்பு ஒண்ணுதான் குறைச்சல்." பிறகு கிழிந்த குடை வழியே வானத்தைப் பார்த்து, "எதுக்காக்கும் எல்லாம் என் தலைக்கே வர்றது?" என்றார்.

துரை அது என்ன என்று கேட்டார். ரைட்டர் இங்கிலீஷில் நிதானமாக ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டி, அந்த உருண்டையை மரியாதையாகப் பார்த்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கரையில் இறங்கிய பிறகு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பழைய பாகம், தேஞ்சு போச்சு, டிரைவர் வேணும்னே கழட்டி எறிஞ்சான்னு சொன்னேன். அப்புறம், கொச்சிக்குக் கடுதாசி வேண்டாம்னு துரை சொல்லியாச்சு" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பைக் கட்டக் கை எட்டாது என்பதால் விட்டுவிட்டேன்.

மாமனார் மாட்டிடமிருந்து தப்பித்தாயிற்று. உடனே கோபம் வந்தது. நேராகப் பூசாரியிடம் போய் உருண்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"இதுல என்னப்பா தப்பு? காருக்கு நாலு சக்கரம், நாலு பழம் வைக்கிறோம். ஒன் படகுக்கு ரெண்டு வாயி, ரெண்டு பழம். நீ வேட்டி மாத்தப் போனப்ப கீழ்வாயில ஒண்ணத் திணிச்சு, சூலத்து அடிக்கட்டையால உள்ள தள்ளிவிட்டேன். அது அன்னிக்கே போயிருச்சுன்னுல்ல நெனைச்சேன்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்ல வேணாம்னு சொல்லுச்சே. நான் கொண்டாந்தது ஒரு பழந்தான், அது மேல்வாய்க்குப் போச்சு. ரெண்டாவது பழத்தக் கையில குடுத்து, அடியில வைக்கச் சொன்னதே ஒன் பொஞ்சாதிதான்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகள் கிடைத்தன. என் வேலையையே காவு கொடுக்கப் பார்த்தவள்! இத்தனை நாள் நான் கரியைத் தின்னும்போது வேடிக்கை பார்த்தவள்! வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். யானை விரட்டிய சேதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் உருண்டையை அவள் முன்னால் போட்டேன்.

"இது யாரு வச்சது?"

அவள் அதைப் பார்த்தாள். குனிந்து எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"நான்தான். மேல வச்சது படகுக்கு. அது போதும்னு பூசாரி சொன்னாரு. தண்ணிக்குள்ள இருக்கிற வாய்க்கும் ஒண்ணு வைங்கன்னு நான்தான் கெஞ்சுனேன். நீச்சத் தெரியாத மனுசன் நெதம் அது மேல போறீக. அத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்றீக. நான் வேற என்னத்தச் செய்ய?"

சேர்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. செக்கு தரையில்தானே இருக்கிறது என்று அவள் அன்று சொன்னது பிறந்த வீட்டு ஆசையில் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மூஞ்சியை அவளிடமிருந்து மறைக்க, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"இத முச்சந்தியில போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வாங்க" என்று பின்னாலேயே குரல் வந்தது. போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல்தான் வந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தையில் நானே பழம் வாங்கினேன். மேல்வாய்க்கு ஒன்று பூசாரி வைத்தார். ரைட்டர் புதுக் குடையோடு தூரத்தில் போய் நின்றுகொண்டார். கீழ்வாய்க்கு இன்னொன்றை, எல்லோரும் பார்க்க, நானே வைத்தேன். திரும்ப இழுத்துக்கொள்ள ஒரு கயிறு கட்டி.